ஞானத்தாரின் நான்கு பாணிகளும் ஒரு முன்பல்லும்

1

ஊர்ஸ் ரெலிபோனை எடுத்து "வணக்கம்" என்று தமிழில் தொடங்கினால் ஏதோ பெரிய உதவி கேட்கப் போகிறார் என்று அர்த்தம். 2018ஆம் ஆண்டு இலைகள் கொட்டத் தொடங்கிய ஒரு நாள் அப்படித்தான் தொடங்கினார். நான் வேலை செய்யும் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில், மூன்று வயதுக் குழந்தை ஒன்றை மடியில் வைத்து மழைக் காற்சட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு மழைக்குள் போக விருப்பமில்லை. சுவிஸில் அதை யாரும் கேட்பதில்லை.

"வாணி, நவம்பரில் க்னானிக்காக ஒரு மாலை நிகழ்ச்சி வைக்கிறோம். எங்களோடு சேர்ந்து இருபத்தைந்து வருடமாகிறது. நீ மேடையில் ஐந்து நிமிடம் பேச வேண்டும்."

"தமிழிலா?"

"ஜெர்மனில்."

குழந்தையின் இரண்டு கால்களையும் ஒரே குழாய்க்குள் விட்டுவிட்டேன்.

ஊர்ஸ் தொழிலால் தண்ணீர்க் குழாய் பொருத்துபவர். ட்ரொம்போன் வாசிப்பார். வின்டர்தூரில் ஒரு ஜாஸ் குழுவை நடத்துகிறார். அதில் சக்சபோன் ஊதுபவர் என் கணவர் ஞானசேகரம். சுவிஸ்காரருக்கு 'ஞா' வராது. முதல் வருடம் முழுக்க முயன்று களைத்து, கடைசியில் 'க்னானி' என்று வைத்துவிட்டார்கள். ஊரில் அவரை அறிந்தவர்களுக்கு அவர் ஞானத்தார்.

நீங்கள் ஊரில் அவரைப் பற்றி விசாரித்தால் "சுவிஸில ஒரு குசினியில வேலை" என்பார்கள். அது சரியான தகவல். பெரிய மண்டபமொன்றின் குசினியில் சமைக்கிறார். ஆனால் வின்டர்தூரிலிருந்து கூர் நகரம் வரைக்கும் சக்சபோனும் கையுமாகத் திரிகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். க்னானி மெதுவாக ஊதத் தொடங்கினால் அடுத்த வருடம் அவர்கள் மெதுவாக ஊதுவார்கள். க்னானி நிறுத்தி நிறுத்தி ஊதினால் அவர்களுக்கும் அதே விக்கல் வந்துவிடும். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான்.

"அவருடைய இசையில் நான்கு காலகட்டங்கள்" என்றார் ஊர்ஸ். "நான்கையும் வரிசையாக வாசிக்கப் போகிறோம். நீ அதைத்தான் விளக்க வேண்டும்."

காலகட்டம் என்பது பல்லவருக்கும் சோழருக்கும் உரியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இவருக்கும் இருக்கிறதாம். ஒரே வீட்டில் இருந்து சோறு போட்ட எனக்குத் தெரியவில்லை.

2

யாழ்ப்பாணத்தில் அவர் ஒரு மெல்லிசைக் குழுவில் சக்சபோன் ஊதினார். கோயில் திருவிழாக்களில், லொறிப் பெட்டியை மேடையாக்கி, சினிமாப் பாட்டுகள். அங்கே ஒரேயொரு சட்டம்தான். இசைத்தட்டில் இருப்பதுபோலவே ஊத வேண்டும். ஒரு மயிரிழை பிசகினாலும் சனம் கூ வைக்கும். அவர் பிசகியதே இல்லை. அதனால் அவருக்கென்று ஒரு ஊதல் இருக்கிறது என்பதை அவரும் அறியவில்லை, சனமும் அறியவில்லை.

இங்கே அகதியாக வந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு கடையின் அறிவித்தல் பலகையில் பழைய சக்சபோன் விற்பனைக்கு என்று பார்த்துப் போனார். விற்றவர் ஊர்ஸ். "வாங்கமுன் ஊதிப் பார்" என்றிருக்கிறார். இவர் ஒரு சினிமாப் பாட்டின் முதல் அடியை ஊதினார். நம் பாட்டில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குதிக்க மாட்டோம், வழுக்கித்தான் போவோம். ஊர்ஸ் அந்த வழுக்கலைக் கேட்டு, "அந்த இடத்தை இன்னொருமுறை, ஆனால் வேறு மாதிரி" என்றார்.

"வேறு மாதிரி எண்டால்?"

"உனக்கு விருப்பமான மாதிரி."

இதைச் சொல்லும்போதெல்லாம் ஞானத்தாரின் கண் இப்போதும் பெரிதாகும். "இஞ்சாரும், எனக்கு முப்பது வயது. அதுவரைக்கும் ஒருத்தரும் என்னட்டை அப்பிடிக் கேட்கேல்லை" என்பார்.

ஊர்ஸின் குழு அப்போது பழைய நியூ ஒர்லியன்ஸ் ஜாஸ் வாசித்தது. ஞாயிறு முற்பகல்களில், பியர் குடித்துக்கொண்டு கேட்கிற துள்ளல் இசை. அதற்குள் இவர் வழுக்கினார். சில மாதங்களில் ஊர்ஸின் ட்ரொம்போனும் வழுக்கத் தொடங்கியது. பிறகு ட்ரம்பெட்காரர். நான் திருமணமாகி வந்து முதன்முதல் கேட்டபோது முழுக் குழுவும் சவர்க்காரத் தண்ணீரில் நடப்பதுபோல இருந்தது. சனம் மேசையில் தட்டி இரசித்தது. அதுதான் முதலாவது காலகட்டம் என்று இப்போது சொல்கிறார்கள்.

3

2009இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் நடந்ததை இதை வாசிக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நாங்கள் பேர்ணிலும் ஜெனீவாவிலும் தெருவில் நின்றோம். மகள் ஆரணிக்கு அப்போது பத்து வயது. தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் எல்லோரும் கத்துகிறார்கள் என்று சுவிஸ் ஜெர்மனில் கேட்டாள்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு, ஊர்ஸின் குழுவுக்கு நிகழ்ச்சி இருந்தது. "போகாதேங்கோ" என்றேன். "சொன்ன சொல்லு" என்று போனார். நானும் பின்னால் போனேன். வழமைபோலத் துள்ளலான பாட்டு ஒன்றை ட்ரம்ஸ்காரர் தொடங்கினார். இவருடைய முறை வந்தது. ஊதவில்லை. வாத்தியத்தை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். தாளம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரேயொரு சுரத்தை, மிகவும் பிந்தி, நீட்டி ஊதினார். அது முடியுமுன்னரே ஊர்ஸ் கையைக் காட்டி ட்ரம்ஸை நிறுத்திவிட்டார். அடுத்த சுரம் வரும்வரை மண்டபத்தில் ஒருவர் பியர்க் கோப்பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து அவர் தாளத்துக்குச் சற்றுப் பின்னால்தான் ஊதினார். துள்ளல் பாட்டுகளைத் தொடவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சனம் பாதியாகியது. குழுவில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். ஊர்ஸ் விலகவில்லை. "க்னானி எங்கே போகிறானோ அங்கே குழாயைப் போடுவோம்" என்றார். மெல்ல மெல்ல இளம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள், பியர் இல்லாமலே கேட்பதற்கு. அவர்களில் ஒருத்தி லிவியா. இசைக் கல்லூரியில் படித்த சக்சபோன்காரி. தாளத்துக்குப் பிந்தி ஊதுவது எப்படி என்று இவரைக் கேட்டிருக்கிறாள். "பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் நடக்கிற மாதிரி. இனி ஓடிப் பிரயோசனம் இல்லை எண்டு தெரிஞ்சு நடக்கிற நடை" என்றாராம்.

இந்தப் பிந்துதலால் எங்கள் குடியுரிமையே போயிருக்கும். சில வருடங்களுக்குப் பிறகு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம். ஆறுகள், ஏரிகள், குப்பை பிரிக்கும் முறை எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னோம். கடைசியில் நடுவில் இருந்த அம்மா, "ஏதாவது சங்கத்தில் இருக்கிறீர்களா? இங்குள்ளவர்களோடு சேர்ந்து என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

ஞானத்தார் நெஞ்சை நிமிர்த்தி, "நான் சுவிஸ்காரருக்குப் பிந்தி வரப் பழக்கியிருக்கிறேன்" என்றார்.

நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். மிதித்தது மற்றப் பக்கத்து ஐயாவின் சப்பாத்தை என்று பிறகுதான் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் காலை இழுத்துக்கொண்டார். அந்த அம்மா பேனையை வைத்துவிட்டு, "விளங்கவில்லை, காட்டுங்கள்" என்றார். இவர் மேசையில் விரலால் தாளம் போட்டு, வாயால் சக்சபோன் ஊதிக் காட்டினார். அந்த அம்மாவின் தோள் ஆடத் தொடங்கியது. எங்களுக்குக் கடவுச்சீட்டு கிடைத்தது.

4

மூன்றாவது காலகட்டத்துக்குக் காரணம் எங்கள் கீழ்வீட்டு அம்மா.

வீட்டில் மத்தியானம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அமைதி காக்க வேண்டும், பின்னேரம் காக்க வேண்டும், ஞாயிறு முழுக்கக் காக்க வேண்டும். மிச்ச நேரத்தில் இவர் வேலையில் இருப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் இவர் அமைதி நேரத்தில் ஊத, அந்த அம்மா மணியடித்து, மிகவும் மரியாதையாக, "உங்கள் வீட்டில் ஏதாவது பிராணிக்கு சுகமில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை. அது என் கணவர்" என்றேன்.

"அவருக்கு விரைவில் சுகமாகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுவிஸில் அடுக்குமாடிகளுக்குக் கீழே பாதுகாப்பு நிலவறை இருக்கும். யுத்தம் வந்தால் ஒளிப்பதற்கு. யுத்தம் வராதபடியால் எல்லோரும் அங்கே சறுக்குப் பலகைகளையும் வைன் போத்தல்களையும் வைத்திருக்கிறார்கள். ஞானத்தார் அங்கே ஊத அனுமதி கேட்டார். வீட்டு நிர்வாகத்தில் இருந்தவர் மேலிடத்தில் விசாரித்தார், மேலிடம் நகரசபையில் விசாரித்தது. மாதக்கணக்கில் விசாரித்த பிறகு பதில் வந்தது. ஊதலாம், ஆனால் யுத்தம் மூண்டால் சக்சபோனை உடனடியாக அப்புறப்படுத்திவிட வேண்டும்.

"அதுக்கென்ன, பழக்கம்தானே" என்றார் இவர்.

யாழ்ப்பாணத்தில் பங்கருக்குள் சத்தம் போடாமல் இருந்த மனிதர், இங்கே சத்தம் போடுவதற்கென்றே பங்கருக்குள் இறங்கினார். தடித்த கொங்கிரீட் சுவர்கள். ஒரு சுரத்தை ஊதினால் அது அறையைச் சுற்றி ஓடித் திரும்பி வரும். அது வந்து முடியும்வரை காத்திருந்துதான் அடுத்ததை ஊத வேண்டும். அப்படியே அவருடைய ஊதல் மாறியது. சின்னச் சின்ன வெட்டுகள், இடையில் பெரிய வெளிகள். பிறகு வெளியே, எதிரொலியே இல்லாத மண்டபங்களிலும் அப்படியே ஊதினார். சனம் அந்த வெளிகளை ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்தது. யாரோ ஒலிப்பதிவு செய்து இணையத்தில் போட்டார்கள். அதைக் கேட்டு, முன்பின் தெரியாத ஊர்களிலும் ஆட்கள் வெளி விட்டு ஊதத் தொடங்கியதாக ஊர்ஸ் சொன்னார்.

நான்காவது காலகட்டம் இரண்டு வருடங்களாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே மூச்சில் எத்தனையோ சுரங்களை அள்ளி எறிவது. சட்டியில் கடுகு வெடிப்பதுபோல. "இதுதான் உச்சம்" என்றார் ஊர்ஸ். அந்த மாலையை அதோடு முடிப்பதாகத் திட்டம்.

5

நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது, பராமரிப்பு நிலையத்தில் ஒரு பிள்ளையின் தாய் எனக்குத் தேன் பிஸ்கட் கொடுத்தார். பாசல் பக்கத்துப் பிஸ்கட். கல்லுக்குச் சீனி பூசியதுபோல இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். கோப்பியில் ஊறவைத்துச் சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே "கறக்" என்றது.

ஞானத்தார் உள்ளங்கையைப் பார்த்தார். மேல்வரிசை முன்பல் பாதி அதில் இருந்தது.

ஊதாதவர்களுக்கு ஒரு விளக்கம். சக்சபோனின் வாய்ப்பகுதியில் மேல் முன்பற்கள்தான் ஊன்றி நிற்கும். அவை இல்லாவிட்டால் வாத்தியம் வாய்க்குள் நீந்தும். பல் வைத்தியர் ஒரு தற்காலிகப் பல்லைப் பொருத்திவிட்டு, "பேசலாம், சிரிக்கலாம். எதையும் அழுத்தக் கூடாது. நிரந்தரப் பல்லுக்குச் சில மாதங்கள் செல்லும்" என்றார். வீட்டுக்கு வந்து ஊதிப் பார்த்தார். நாலாவது காலகட்டம் அரை நிமிடத்தில் முடிந்தது. கடுகு வெடிக்கவில்லை. நனைந்த பட்டாசுபோலப் புஸ் என்றது.

அவர் வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். சாப்பாடு வேண்டாம் என்றார். "ஊர்ஸிட்டைச் சொல்லிவிடும், வேறை ஆரையும் பாக்கச் சொல்லி" என்றார். அவர் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. 2009இல்கூட அவர் பெட்டியை மூடவில்லை.

எனக்குப் பயம் வந்தது. ஆரணிக்கு ரெலிபோன் எடுத்தேன்.

ஆரணி பாடனில் இருக்கிறாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களின் அதிர்வை அளக்கிற வேலை. சிநேகிதிகளோடு வீடு எடுத்து இருக்கிறாள். நான் தமிழில் கேட்டால் சுவிஸ் ஜெர்மனில் பதில் வரும், அதுவும் ஒரு சொல்லில். தகப்பனின் நிகழ்ச்சிக்குப் பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு அவள் வரவில்லை. ஒருமுறை பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போன தகப்பன் ரயிலுக்குள் பயிற்சி செய்ததை அவள் மன்னிக்கவில்லை.

"அப்பான்ர பல்லு உடைஞ்சு போச்சு" என்றேன்.

"எந்தப் பல்?"

"முன்னுக்கு. மேல்."

"வாறன்" என்றாள். தமிழில்.

வந்தாள். தகப்பனை நிலவறைக்கு இறக்கிக்கொண்டு போனாள். நான் உடுப்புத் தோய்க்கிற அறையில் நின்று காது கொடுத்தேன், அன்று தோய்க்கும் நாள் எங்களுடையதாக இல்லாவிட்டாலும்.

"அப்பா, மேல் உதட்டையும் உள்ளுக்கு மடியுங்கோ. பல்லு படாமல்."

"அப்பிடி ஊதினால் சத்தம் வராது பிள்ளை. காத்துத்தான் வரும்."

"காத்து வரட்டும்."

வந்தது. முதலில் வெறும் காற்று. பிறகு அதற்குள் யாரோ தூரத்தில் கதைப்பதுபோல ஒரு சுரம். தடுமாறி, அடங்கி, மறுபடி.

"ச்சீ" என்றார் இவர்.

"இல்லை அப்பா. ச்சீ இல்லை. திரும்ப ஊதுங்கோ. நான் நாள் முழுக்கச் சத்தம் கேக்கிற ஆள். எனக்கு இது பிடிச்சிருக்கு."

மகள் தனக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று சொல்லி எத்தனை காலம். அவர் திரும்ப ஊதினார்.

6

பழைய இயந்திரத் தொழிற்சாலை மண்டபம். பாரம் தூக்கும் சங்கிலிகள் இன்னும் கூரையில் தொங்குகின்றன. சனம் நிறைந்திருந்தது. ஆரணி முதல் வரிசையில். ஊர்ஸ் திட்டத்தை மாற்றிவிட்டார். க்னானி ஊத முடியாத காலகட்டங்களை அவரிடம் கற்றவர்கள் ஊதுவார்கள். க்னானி மேடையில் இருந்து கேட்பார். கடைசியில் முடிந்தால் ஏதாவது செய்வார்.

முதலில் நான். நான் மனப்பாடம் செய்திருந்த முதல் வசனம், "என் கணவருக்கு நான்கு பாணிகள் இருக்கின்றன." பாணிக்கு ஜெர்மனில் 'ஷ்டீல்'. கதிரைக்கு 'ஷ்டூல்'. நான் ஒலிவாங்கியைப் பிடித்து, தெளிவாக, உரக்கச் சொன்னேன்: "என் கணவருக்கு நான்கு கதிரைகள் இருக்கின்றன."

மண்டபம் சிரித்தது. ஆரணி இரண்டு கைகளாலும் முகத்தை மூடினாள். என்ன பிழை என்று ஒரு கணத்தில் விளங்கியது. மனப்பாடம் செய்த மிச்சமெல்லாம் தலையிலிருந்து பறந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கதிரையிலேயே தொடர்ந்தேன்.

"ஓம், கதிரைதான். ஒன்றில் இருப்பார். அது சூடாகும். சூடானதும் எழும்பிப் போய்விடுவார். பிறகு நீங்கள் எல்லோரும் வந்து அதில் இருப்பீர்கள், நல்ல சூடு என்பீர்கள். அப்போது அவர் எங்கேயோ குளிர்ந்த கதிரை ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார். வீட்டில் அவரோடு இருப்பது கஷ்டம். நன்றி."

கைதட்டல் நிற்கவில்லை. ஊர்ஸ் கண்ணைத் துடைத்தார். ஆரணி கையை எடுத்துவிட்டாள்.

பிறகு அவர்கள் ஊதினார்கள். ஊர்ஸ் தன் ட்ரொம்போனில் முதலாவது காலகட்டத்தை வழுக்கினார், ஞானத்தாரைவிட அதிகமாக. லிவியா, பஸ்ஸைத் தவறவிட்டவளாக, பிந்திப் பிந்தி நடந்தாள். அதைக் கேட்டபோது சனம் இருமக்கூட இல்லை. மூன்றாவதுக்கு முன்பின் அறியாத இரண்டு பேர் பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். எங்கள் நிலவறையின் வெளிகளை, அதைக் கண்ணாலும் காணாதவர்கள், அளவு பிசகாமல் விட்டார்கள். ஞானத்தார் மேடையோரம் என் பக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். முகம் கலியாண வீட்டுக்கு வந்த பிள்ளையின் முகம். ஒரு தடவை என் பக்கம் குனிந்து, "இஞ்சாரும், நான் இப்பிடியோ ஊதினனான்? நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நான்காவதை லிவியாவும் ஊர்ஸும் சேர்ந்து வெடிக்க வைத்தார்கள். அது முடிந்ததும் அவர் எழும்பினார்.

ஒலிவாங்கியைத் தள்ளி வைத்தார். மேல் உதட்டை மடித்தார். அந்தக் காற்று வந்தது. பெரிய மண்டபத்தில் அது பின்வரிசைக்குப் போயிருக்காது. ஆனால் பின்வரிசை முன்னால் வந்தது. உண்மையாகவே எழும்பி, சத்தமில்லாமல் நடந்து, மேடைக்குக் கிட்ட வந்து நிலத்தில் இருந்தார்கள். அவர் வேகமாக ஒன்றும் செய்யவில்லை. சுரம் தடுமாறிய இடங்களில் தடுமாறவிட்டார். ஊர்ஸ் ட்ரொம்போனை மடியில் வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவதென்று தெரியாமல் விக்கல் எடுத்தது.

7

வசந்தத்தில் நிரந்தரப் பல் வந்தது. அதற்குள் நோய் பரவிவிட்டது. லிவியாவின் மாணவர்கள் காற்றாக ஊதுகிறார்கள் என்றார் ஊர்ஸ். இசைக் கல்லூரியில் ஒருவர் மேல் உதட்டை மடித்துப் புண்ணாக்கிக்கொண்டாராம்.

ஒரு சனிக்கிழமை முற்பகல் கதவு மணி அடித்தது. கூரிலிருந்து ஒரு பெண். அங்கே மருத்துவமனையில் தாதியாம். முதுகில் சக்சபோன் பெட்டி. வணக்கம் சொல்லி, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"குறை நினைக்காதீர்கள். நான் அந்தப் பல்லைப் பார்க்கலாமா?"

ஞானத்தார் வாயைத் திறந்து காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"இது நல்ல பல்" என்றாள்.

"ஓம். நல்ல பல்தான்."

"அப்படியானால் அந்தச் சத்தம்?"

"அது முடிஞ்சுது" என்றார் இவர் தமிழில், என்னைப் பார்த்து. பிறகு ஜெர்மனில் அவளிடம், "அது முடிந்துவிட்டது. நீங்கள் கொண்டுபோங்கள், அதை யாராவது வைத்திருக்க வேண்டும்தானே. ஆனால் இப்போது நேரமிருந்தால் கீழே வாருங்கள். எனக்கு நேற்றுத்தான் ஒன்று பிடிபட்டது. தனியாகச் செய்ய முடியாது, இரண்டு பேர் வேண்டும்."

கூரிலிருந்து அவ்வளவு தூரம் வந்தவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கினாள். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

நான் சமையலைத் தொடங்கியபோது ஆரணி எடுத்தாள். இப்போதெல்லாம் எடுக்கிறாள்.

"அப்பா என்ன செய்யிறார்?"

"கீழ, ஆரோ ஒரு பிள்ளையோட. புதுசா ஏதோ."

"எப்பிடி இருக்கு?"

அடுப்பை நிறுத்திவிட்டுப் படிக்கட்டுக்குப் போனேன். இரண்டு சக்சபோன்கள். ஒன்று தொடங்குகிற வசனத்தை மற்றது முடித்தது. ஒன்று முடிக்குமுன் மற்றது குறுக்கே விழுந்தது. சந்தையில் இரண்டு பேர் விலை பேசுகிற மாதிரி, பேசிப் பேசி இருவரும் எதை வாங்க வந்தோம் என்பதை மறந்த மாதிரி. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரெலிபோனைக் கைக்கெட்டிய மட்டும் கீழே நீட்டிப் பிடித்தேன்.

கை உளைந்தது. திரும்பக் காதில் வைத்து, "கேட்டுதோ பிள்ளை?" என்றேன்.

"அம்மா, ஏன் காதுக்கு எடுத்தனீங்கள்?" என்றாள். "கீழ பிடியுங்கோ."